தேவ வைராக்கியம்



கிறிஸ்தவத் திருமறையைப் புரட்டுகின்ற எவரும், அதன் தொடக்கப் பகுதியிலேயே ஒரு சொல்லைக் கண்டு திகைத்து நிற்பதுண்டு. சீனாய் மலையில் மோசேயின் வழியாக மக்களுக்கு அருளப்பட்ட பத்துக் கட்டளைகளுள் இரண்டாவதன் நடுவே, கடவுள் தம்மை எரிச்சலுள்ள தேவன் என்று அறிமுகம் செய்துகொள்கிறார். யாத்திராகமம் 34ஆம் அதிகாரமோ இன்னும் ஒருபடி மேலே சென்று, அதுவே அவருடைய பெயர் என்றும் கூறுகின்றது. அன்புள்ள தேவன் என்றால் நமக்கு விளங்குகிறது. நீதியுள்ள தேவன் என்றாலும் விளங்குகிறது. எரிச்சல் என்பது மனிதரிடத்திலேயே நாம் விரும்பாத குணமாயிற்றே. அதைக் கடவுள் மேல் ஏற்றலாமா? பிற சமயத்தைச் சேர்ந்த நண்பர்கள் பலர் இந்த ஐயத்தை என்னிடம் எழுப்பியிருக்கிறார்கள். கிறிஸ்தவர்களிலும் பலர், வாய்விட்டுக் கேளாவிடினும், உள்ளத்தில் இதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகையால் இச்சொல்லையே இன்று பேசும் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் சொல்லை ஆராய்வோம். பழைய ஏற்பாட்டின் மூலமொழியாகிய எபிரேயத்தில் ‘கின்ஆ’ என்பது அச்சொல். அந்த ஒரே சொல்லைத் தமிழ்த் திருமறை இடத்திற்கேற்ப மூன்று விதமாகப் பெயர்த்திருக்கிறது. பத்துக் கட்டளையில் அது எரிச்சல். நீதிமொழிகள் 14ஆம் அதிகாரத்தில், எலும்பை உருக்கும் நோயாகச் சொல்லப்படும்போது, அது பொறாமை. சகரியா தீர்க்கதரிசியின் நூலில், கடவுள் எருசலேமைக் குறித்துக் கொண்ட உணர்ச்சியைச் சொல்லும்போது, அது வைராக்கியம். ஒரே விதை மூன்று நிலங்களில் மூன்று செடியாக முளைத்ததுபோல் இது தோன்றுகிறது. ஆனால் மொழிபெயர்த்தவர்கள் தடுமாறி இப்படிச் செய்தார்கள் என்று எண்ணவேண்டா. மூலச்சொல்லுக்கே இத்தனை வண்ணங்கள் உண்டு. எந்த இடத்தில் எந்த வண்ணம் என்று அவர்கள் கூர்ந்து நோக்கியிருக்கிறார்கள்.

பொறாமைக்கும் வைராக்கியத்திற்கும் உள்ள வேறுபாட்டை நாம் தெளிந்துகொள்ளவேண்டும். பொறாமை பிறனுடையதைக் கண்டு வேகின்றது. அயலான் வயல் விளைந்தால் அதற்கு உறக்கம் கெடுகிறது. வள்ளுவர் அழுக்காறாமை என ஓர் அதிகாரம் வகுத்து விலக்கியது இதனைத்தான். திருமறையும் இதைப் பாவம் என்றே கூறுகின்றது. கடவுளுக்கு இந்தப் பொறாமை உண்டாக வழியே இல்லை. அவருடையதல்லாத பொருள் ஒன்று உலகில் இருந்தாலன்றோ அவர் அதைக் கண்டு பொறாமை கொள்வார்? வைராக்கியமோ தனக்குரியதைத் தீங்கினின்றும் காக்க எழுகின்ற அனல். தாய்க்கோழி நாள் முழுவதும் சாதுவாகக் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும். பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்த கணத்தில் அதன் இறகுகள் சிலிர்த்து எழுகின்றன, குரல் மாறுகின்றது, குஞ்சுகள் அந்தச் சிறகுக்குள் ஓடி ஒடுங்குகின்றன. எருசலேமைக் குறித்து மனங்கசிந்த இயேசுநாதர் தமக்கு உவமையாக எடுத்துக்கொண்டது இந்தத் தாய்க்கோழியையே என்பதை மத்தேயு சுவிசேஷத்தில் காண்கிறோம்.

எரிச்சல் இல்லாத கடவுள் மேலானவர் அல்லவா என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வி மிகப் பழையது. கிரேக்க நாட்டில் கி.மு. 341இல் பிறந்து கி.மு. 270இல் மறைந்த எபிக்கூரசு என்னும் தத்துவ ஞானி, தேவர்கள் பேரின்பத்தில் அமர்ந்திருப்பவர்கள், மனிதருடைய துன்பமோ பிழையோ அவர்களைத் தொடுவதில்லை என்று போதித்தார். பவுல் அப்போஸ்தலர் அத்தேனே பட்டணத்திற்குச் சென்றபோது அவரோடு வாதிட்டவர்களுள் இந்த ஞானியின் மரபினரும் இருந்தார்கள். திருச்சபைக்குள்ளேயே கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் தோன்றினார். பழைய ஏற்பாட்டின் எரிச்சலுள்ள தேவன் வேறு, இயேசுநாதரின் தந்தையாகிய அன்புள்ள கடவுள் வேறு என்று கூறி, பழைய ஏற்பாட்டை முழுவதுமே அவர் ஒதுக்கினார். கி.பி. 144இல் உரோமைச் சபை அவரை விலக்கியது. பின்னர் தெர்த்துல்லியன் என்னும் அறிஞர் அவருக்கு மறுப்பாக ஐந்து புத்தகங்கள் எழுதினார். அக்காலத் திருச்சபை இவ்வளவு முயன்று அந்த எரிச்சலுள்ள தேவனை விடாது பற்றிக்கொண்டது ஏன் என்பதைச் சிந்திக்கவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில் நான் நேரில் கண்ட இரண்டு பெற்றோரை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். ஒருவர் நல்ல வசதி படைத்தவர். அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பிலேயே கூடாத நட்பில் விழுந்து, பள்ளிக்கு வாராமல் சீட்டாட்டக் கூட்டத்தில் காலங்கழித்து வந்தான். தந்தையை அழைத்து விவரம் சொன்னேன். அவர் சற்றும் முகம் மாறவில்லை. “பையன் வளர்ந்துவிட்டான் ஐயா, அவன் விருப்பம் எப்படியோ அப்படியே ஆகட்டும்” என்று சொல்லி, மரியாதையாக வணங்கிவிட்டுச் சென்றார். இன்னொருவர் பனையோலைப் பெட்டி முடைந்து விற்றுப் பிழைத்த ஒரு கைம்பெண். அவருடைய மகனும் அதே கூட்டத்தில் இருந்தான். அந்த அம்மையார் மகனை அடிக்கவில்லை, ஊரைக் கூட்டவுமில்லை. மாலைதோறும் ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டுபோய், அவர்கள் ஆடுகின்ற வீட்டு வாசலிலேயே அமர்ந்து பெட்டி முடைவார். கேட்டவர்களுக்கெல்லாம், “அவன் என் பிள்ளை; அவன் வராமல் நான் எழுந்திருக்க மாட்டேன்” என்பதே விடை. இருட்டியபின் மகன் தலைகுனிந்து வெளியே வருவான். இருவரும் வீடு செல்வார்கள். சில வாரங்களில் ஆடுகிறவர்களுக்கே கூச்சம் உண்டாகி அந்தக் கூட்டம் கலைந்துபோயிற்று.

செல்வரின் மகனைப் பல ஆண்டுகள் கழித்துச் சந்தித்தேன். பேச்சினிடையே, “எங்கள் அப்பா ஒருநாளும் என்மேல் கோபித்ததில்லை ஐயா” என்றான். அவன் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தனக்கு மறுக்கப்பட்ட ஒன்றைக் குறித்து ஒருவன் பேசுகின்ற குரலில் சொன்னான். எபிக்கூரசின் தேவர்களை நினைக்கும்போதெல்லாம் அந்தச் செல்வரின் அமைதியான முகம் என் கண்முன் வருகின்றது. அன்பற்ற இடத்தில் எரிச்சலுக்கு வேலையில்லை. நாம் கெட்டாலும் வாழ்ந்தாலும் ஒன்றுபோலவே இருக்கின்ற கடவுளிடம், நமக்குத் துன்பம் வந்தபோது செல்வதற்கு என்ன இருக்கிறது?

இனி, இந்த வைராக்கியம் மக்களின் வாழ்வில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதைச் சரித்திரத்தில் ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். கி.மு. 586இல் பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை அழித்தது. மதில்கள் இடிக்கப்பட்டன, தேவாலயம் எரிக்கப்பட்டது, மக்கள் சிறையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பின்னர் பாரசீக அரசன் கோரேசு பாபிலோனை வென்று, கி.மு. 538இல் யூதர்கள் தாய்நாடு திரும்ப உத்தரவு கொடுத்தான். அவ்வாறு திரும்பியவர்கள் 42,360 பேர் என்றும், அவர்களுடைய பணியாட்கள் 7,337 பேர் என்றும் எஸ்றாவின் நூல் கணக்குத் தருகின்றது. திரும்பி வந்தவர்கள் கண்டதோ பாழடைந்த ஊர். ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டினார்கள். அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பினால் வேலை நின்றுபோயிற்று. மழை பொய்த்தது, விளைவு சுருங்கியது. கூலி வாங்கியவன் பொத்தலான பையிலே அதைப் போடுகிறவனுக்கு ஒப்பானான் என்று அந்நாளைய தீர்க்கதரிசி ஆகாய் வருணிக்கிறார்.

இதே காலத்தில் பெரிய உலகில் நிகழ்ந்ததையும் பார்க்கவேண்டும். கி.மு. 522இல் தரியு பாரசீக அரியணை ஏறினான். எங்கும் கலகம் மூண்டது. அவன் 19 போர்களில் வென்று ஒன்பது அரசர்களைப் பிடித்ததாகப் பெகிஸ்தூன் மலைப்பாறையில் கல்வெட்டுப் பொறித்து வைத்திருக்கிறான். அதை இன்றும் காணலாம். கலகம் அடங்கியபின் பேரரசு அமைதியுற்றது. சகரியா தீர்க்கதரிசி தம் முதல் தரிசனத்தைக் கண்டது அந்த அமைதியின் நாட்களில். தரியு அரசாண்ட இரண்டாம் ஆண்டில். மிருதுச்செடிகளின் நடுவே குதிரை வீரர்கள் நிற்கிறார்கள். பூமியெங்கும் சுற்றிப்பார்த்து வந்த அவர்கள் கொடுத்த அறிக்கை, உலகம் முழுவதும் அமர்ந்து அமைதியாக இருக்கிறது என்பது. கேட்பதற்கு நல்ல செய்திதான். ஆயினும் தேவதூதன் அதைக் கேட்டு மகிழவில்லை. எருசலேமுக்கு இரக்கம் காட்டாமல் எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டனவே, இன்னும் எத்தனை காலம் என்று முறையிடுகிறான். அப்போதுதான் கடவுள், தாம் எருசலேமுக்காக மிகுந்த வைராக்கியம் கொண்டிருப்பதாகவும், கவலையின்றிச் சுகமாக வாழும் சாதிகள்மேல் சினங்கொண்டிருப்பதாகவும் வெளிப்படுத்துகிறார்.

நேயர்களே, இந்தக் காட்சியைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டுகிறேன். உலகம் அமைதியாக இருந்தது. கடவுள் அமைதியாக இருக்கவில்லை. பேரரசின் வரிக்கணக்கில் ஒரு மூலையில் கிடந்த அந்தச் சிற்றூரும், அதன் இடிபாடுகளுக்கிடையே குடிசை கட்டிக்கொண்டிருந்த ஏழைகளும் யாருக்கும் பொருட்டாக இல்லை. ஒருவருக்கு மட்டும் பொருட்டாக இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் நலம் என்று அறிக்கை எழுதி முடித்துவிட்ட இடத்தில், இவர்கள் என்னுடையவர்கள், இவர்கள் நிலை இன்னும் சீராகவில்லை என்று கலங்கி நிற்பதற்குப் பெயரே தேவ வைராக்கியம்.

மூன்றாவது தரிசனம் இதனை இன்னும் தெளிவாக்குகின்றது. ஒரு மனிதன் அளவுநூலைக் கையில் பிடித்துக்கொண்டு, எருசலேமின் அகலத்தையும் நீளத்தையும் அளக்கச் செல்கிறான். அளக்கவேண்டா என்ற செய்தி பின்தொடர்ந்து வருகிறது. மக்களும் கால்நடைகளும் பெருகுவதால் அந்த நகரம் மதிலில்லாத ஊர்களைப்போல் விரிந்து கிடக்கும். அதைச் சுற்றிலும் கடவுளே அக்கினி மதிலாக இருப்பார் என்று அச்செய்தி கூறுகின்றது. அக்காலத்தில் மதிலில்லாத ஊர் என்றால் கொள்ளையருக்குத் திறந்த வீடு. பகை சூழ்ந்த மக்களுக்கு இதைவிட அச்சந்தரும் சொல்லும் இல்லை. இதைவிட ஆறுதலான சொல்லும் இல்லை. காட்டுவழியில் இரவு தங்குகிறவர்கள் சுற்றிலும் நெருப்பு மூட்டிக்கொண்டு உறங்குவதை நாம் அறிவோம். கல்மதில் ஒருமுறை கட்டினால் அந்த அளவிலேயே நின்றுவிடும். பின்னால் வருகிறவன் வெளியேதான் இருக்கவேண்டும். நெருப்பு வளையமோ பாளையம் பெருகப் பெருக அகன்றுகொடுக்கும். பல சாதியார் வந்து அந்நாளில் கர்த்தரைச் சேர்ந்து அவருடைய மக்களாவார்கள் என்று அதே அதிகாரத்தில் காண்கிறோம். ஆகவே கடவுளின் வைராக்கியம் தம்முடையவர்களைக் காக்கின்றதேயன்றி, மற்றவர்களை வெறுத்துத் தள்ளுவதில்லை.

அந்த அதிகாரத்திலேயே, கடவுளின் மக்களைத் தொடுகிறவன் அவருடைய கண்மணியைத் தொடுகிறான் என்னும் கருத்தும் வருகிறது. கண்ணை இமை காப்பதுபோல என்று தமிழர் நாம் வழங்குகிறோம். தூசி பறந்து வரும்போது இமை ஆலோசித்து மூடுவதில்லை. அறிவு உணர்வதற்கு முன்னமே மூடிக்கொள்கிறது. கண்ணுக்கு வரும் ஊறு உடல் முழுவதையும் துடிக்கச் செய்கின்றது. காப்பவரும் காக்கப்படுபவரும் அவ்வளவு நெருக்கமாக இணைந்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

இனிப் பத்துக் கட்டளைக்குத் திரும்புவோம். தம்மையன்றி வேறொன்றை வணங்கக் கூடாது என்று கடவுள் எரிச்சலோடு விலக்குவது, தமக்கு வரவேண்டிய மரியாதை குறைந்துவிடுமே என்பதற்காகவா? கட்டளைகள் தொடங்கும் முறையைக் கவனித்தால் விடை கிடைக்கும். எகிப்தின் அடிமை வீட்டிலிருந்து அவர்களை விடுவித்தவர் தாம் என்று கூறிவிட்டுத்தான் கடவுள் முதற் கட்டளையைத் தொடங்குகிறார். செங்கல் அறுத்து முதுகு வளைந்த மக்கள் அவர்கள். விடுதலை பெற்றவன் மறுபடியும் ஒரு எசமானைத் தேடிக்கொண்டு போய்விடக் கூடாதே என்பதுதான் அந்த எரிச்சலின் உட்பொருள். பின்னாளில் எருசலேமுக்கு அருகேயுள்ள இன்னோம் பள்ளத்தாக்கில், தாம் பெற்ற பிள்ளைகளையே தீக்கு இரையாக்கும் கொடுமையில் அந்த மக்கள் விழுந்ததை எரேமியா கண்ணீரோடு குறித்திருக்கிறார். இன்றும் பணம், குடி, பதவி, சாதிப்பெருமை என்று எத்தனை எசமானர்கள்! குடிக்கு அடிமையானவனிடம் அது கடைசியில் கேட்பது அவன் பிள்ளைகளின் சோற்றைத்தான். அதைக் கண்டும் கடவுள் எரிச்சல் கொள்ளாவிடில், அவர் அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வாறு தந்தையாவார்?

வைராக்கியம் என்னும் சொல்லைப்பற்றியும் ஒரு கருத்துச் சொல்லவேண்டும். வடமொழியில் இச்சொல்லுக்கு முதற்பொருள் பற்றின்மை என்பது. பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று நாம் வேடிக்கையாகச் சொல்லும்போது அந்தப் பழம்பொருளே நிற்கிறது. தமிழ் வழக்கில் அது பின்னர் அசையாத உறுதி, தீவிரமான ஈடுபாடு என்று பொருள் விரிந்தது. கடவுளின் மாபெரும் பற்றைக் குறிக்கப் பற்றின்மையைக் குறித்த சொல்லே நம் மொழியில் வந்து அமைந்தது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. மனிதனுடைய பற்றில் சுயநலம் கலந்திருக்கிறது. ஆகையால் பற்று மிகுந்தால் சந்தேகம் மிகும், அச்சம் மிகும். கடவுளோ நம்மீது முழுப்பற்று வைத்திருக்கிறார். அந்தப் பற்றினால் தமக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. கடவுள் வைராக்கியம் உடையவராயினும் அவரிடத்தில் பதற்றம் இல்லை என்னும் நுட்பத்தை அகுஸ்தீனார் தம் ‘அறிக்கைகள்’ என்ற நூலின் முற்பகுதியில் தொட்டுக்காட்டுகிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தேவனுக்கு வைராக்கியம் உண்டு என்றவுடன், அதை நடத்திக் கொடுக்கும் வேலை தமக்கே உரியது என்று சில மனிதர் எண்ணிக்கொள்கிறார்கள். எலியா தீர்க்கதரிசி ஓரேப் மலையில், தாம் கர்த்தருக்காக மிகவும் வைராக்கியம் கொண்டிருந்ததாகவும், தாம் ஒருவரே மீந்திருப்பதாகவும் முறையிட்டார். பெருங்காற்று அடித்தது, பூமி அதிர்ந்தது, அக்கினி எழுந்தது. அவை ஒன்றிலும் கர்த்தர் இல்லை. அதன்பின் மெல்லிய ஓசையிலே அவர் பேசினார். பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் இன்னும் இருப்பதாகவும் அறிவித்தார். நான் ஒருவனே கடவுளுக்காக நிற்கிறேன் என்று எண்ணுகிற எவரும் இந்த எண்ணை மறக்கலாகாது. மனைவியை வீட்டுக்குள் பூட்டிவைத்து அதற்கு அன்பு என்று பெயர் சூட்டுகிற கணவனும், மகளின் படிப்பை நிறுத்திவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுகிற தந்தையும், கடவுளின் பெயரால் அயலானைத் தாக்கத் துணிகிறவனும், தேவ வைராக்கியத்தைத் தங்களுக்குச் சான்றாக அழைக்கக் கூடாது. அது அவர்களுக்கு எதிராகவே சாட்சி கூறும்.

உண்மை வைராக்கியத்தை அறிந்துகொள்ள ஓர் அளவுகோல் உண்டு. அடி யார்மேல் விழுகிறது என்று பார்க்கவேண்டும். தர்சு பட்டணத்துச் சவுல் தம் வைராக்கியத்தினால் சபையைத் துன்புறுத்தினார். ஸ்தேவானின் கொலைக்கு உடன்பட்டார். அவரே பின்னாளில் பவுலாகி, கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், அந்தச் சபையைக் குறித்துத் தாம் தேவ வைராக்கியம் கொண்டிருப்பதாகச் சொல்லுகிறார். மகளை நல்ல மணமகனுக்கு நியமித்து வைத்திருக்கும் தந்தையின் கவலை அதில் தெரிகின்றது. அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் தாம் பட்ட அடிகளை எண்ணிக்காட்டுகிறார். ஐந்து முறை, முறைக்கு 39 சாட்டையடி. மூன்று முறை கோலடி. ஒரு முறை கல்லெறி. முன்னே அவருடைய வைராக்கியத்தினால் பிறர் அடிபட்டார்கள். பின்னே அவரே அடிபட்டார். மனிதப் பொறாமைக்கும் தேவ வைராக்கியத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே மனிதரின் வாழ்வு இவ்வாறு காட்டித் தருகின்றது.

கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓசியா தீர்க்கதரிசியின் வரலாறும் இதுவே. தம்மை விட்டு அகன்ற மனைவியை அவர் 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டார். பொறாமை கொண்ட கணவன் விலையை மனைவியின் தலையில் கட்டுவான்; ஓசியா அதைத் தாமே செலுத்தினார். கிறிஸ்தவர்களாகிய நாங்கள் கல்வாரி மலையில் நிற்கும் சிலுவையை இவ்வாறே காண்கிறோம். தம்மை விட்டுப்போன மக்களைக் குறித்து எரிகின்ற கடவுள், அந்த எரிச்சலின் விலையைத் தம் குமாரனில் தாமே ஏற்றுக்கொண்டார் என்பது எங்கள் விசுவாசம்.

அப்படியானால் விசுவாசிகளுக்குத் துன்பம் வருவது ஏன் என்ற கேள்வி எஞ்சி நிற்கின்றது. நோயாலும் வறுமையாலும் வதைபட்டுக்கொண்டு இந்தப் பேச்சைக் கேட்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். அக்கினி மதில் எங்கே என்று நீங்கள் கேட்டால், அதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். சகரியாவின் காலத்து மக்களும் பசியோடுதான் கல் சுமந்தார்கள். ஆலயம் கி.மு. 515இல் முடிந்தது. கல்மதிலும் தேவைப்பட்டது, கி.மு. 445இல் நெகேமியா அதை 52 நாட்களில் கட்டி முடித்தார். நம் உழைப்புக்கும் விழிப்புக்கும் பதிலாக அக்கினி மதில் அருளப்படவில்லை. தாம் மரிப்பதற்கு முந்தின இரவில் இயேசுநாதர், தம் சீடரை உலகத்திலிருந்து எடுத்துவிடும்படி கேளாமல், தீமையினின்று அவர்களைக் காக்கும்படியே பிதாவை வேண்டினார். கல்லெறிபட்டு விழுந்த ஸ்தேவானின் உடலை யாரும் காக்கவில்லை. தம்மைக் கொல்லுகிறவர்களுக்காக மன்றாடுகின்ற உள்ளம் அவரிடமிருந்து பறிக்கப்படாதபடி காக்கப்பட்டது. துன்பம் நம்மிடமிருந்து பலவற்றைக் கொண்டுபோகலாம். நாம் யாருடையவர்கள் என்பதை அது மாற்ற முடியாது. அந்த வாசலில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். நாம் வராமல் அவர் எழுந்திருக்கமாட்டார்.

நிறைவாக, இந்த வைராக்கியம் எதை விரும்புகின்றது என்று ஒரு சொல் கூறி முடிக்கிறேன். சகரியா நூலின் எட்டாம் அதிகாரத்தில், எருசலேமைக் குறித்துத் தாம் பெரிய வைராக்கியம் கொண்டிருப்பதைக் கடவுள் மீண்டும் அறிவிக்கிறார். அவ்வளவு எரிச்சலுக்குப் பின்னே படைகளும் கொடிகளும் வரும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் அங்கே வருவது ஒரு தெருக்காட்சி. முதுமையினால் கையில் கோலூன்றிய கிழவரும் கிழவியரும் தெருவிலே அமர்ந்திருக்கிறார்கள். ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளும் அதே தெருக்களில் நிறைந்து விளையாடுகிறார்கள். அவ்வளவுதான். போரும் பஞ்சமும் வந்தால் முதலில் அழிகின்றவர்கள் இவ்விரு பருவத்தினரே. முதியவர் அஞ்சாமல் அமரவும், குழந்தை அஞ்சாமல் ஓடவும் ஒரு தெரு இருக்கவேண்டும் என்பதற்காகக் கடவுள் எரிகிறார். அதே அதிகாரம், அயலானோடு உண்மை பேசுங்கள், நியாயம் செய்யுங்கள் என்ற அறிவுரையையும் சேர்த்தே தருகின்றது. அதற்கு முந்தின அதிகாரம், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் பரதேசியையும் எளியவனையும் ஒடுக்காதிருக்கச் சொல்கிறது.

நாம் வாழும் தெருவிலும் முதியவர்கள் இருக்கிறார்கள், குழந்தைகளும் இருக்கிறார்கள். நலம் என்று அறிக்கை எழுதி முடிப்பது எளிது. அவர்களுள் ஒருவர் நிலையேனும் சீராகவில்லை என்றால், அதைக் கண்டு நம் உள்ளமும் சற்று எரியட்டும். அந்த எரிச்சலோடு அவர்களுக்காக நம்மால் இயன்றதைச் செய்வோமாக.